மணி அடிக்காத மதகு

ஏரிக்கரைக் குடியிருப்பில் அவனைத் 'துப்பறியும் சிங்கம்' என்றுதான் கேலி செய்வார்கள். காணாமல் போன சைக்கிள், வலையைக் கிழித்தவன் யார், எதுவானாலும் அவனிடம்தான் வருவார்கள். கண்டுபிடித்தும் கொடுத்துவிடுவான். சிங்கத்தால் கண்டுபிடிக்க முடியாத ஒரே ஆள், முப்பத்தொரு வருஷத்துக்கு முன் போன சொந்த அண்ணன்.

பிழைப்பு என்று பார்த்தால் மதகுக்காரன். தினமும் காலையில் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மதகைத் திறக்கும் முன் மூன்று முறை மணி அடிக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் படகுகள் அதைக் கேட்டு, மதகின் இழுப்பில் சிக்காமல் கரையேறிவிடும். அப்பாவுக்கும் இதே வேலை, இதே மதகு வீடு. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு படகை எடுத்துப் போன அண்ணன், அக்கரையில் இறங்கி ஊரைவிட்டே ஓடிவிட்டான் என்பது வீட்டில் சொல்லப்பட்ட கதை. அப்போது இவனுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா அதற்குப் பிறகு யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் நாலே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வருஷா வருஷம் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, அண்ணனின் போட்டோவோடு ஏதாவது ஒரு நகரத்துக்கு பஸ் ஏறுவான். லாட்ஜ், ஒர்க்‌ஷாப், ஆஸ்பத்திரி என்று ஏறி இறங்காத படி இல்லை. அண்ணன் வரட்டும் என்று தள்ளிப்போட்ட கல்யாணம் நடக்காமலே போயிற்று. கிளம்பும்போதெல்லாம் அம்மா பையில் ஒரு நீல ஸ்வெட்டரைத் திணிப்பாள்.

"பார்த்தா கொடுத்துடு. அவனுக்குக் குளிர் ஆகாது."

என்றும் இல்லாதபடி இந்தக் கோடையில் ஏரி அடிவரை வற்றியது. மதகு வாய்க்கு நேரே சேற்றில் ஒரு படகு குப்புறக் கிடந்தது. பலகையைத் துடைத்துப் பார்த்தான். ஒன்பதாம் நம்பர். அண்ணன் எடுத்துப் போன படகு. அக்கரைக்குப் போன படகுக்கு இங்கே என்ன வேலை? இத்தனை வருஷம் தேடியதெல்லாம் வீண்தானோ?

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து அப்பாவின் பழைய நோட்டுகளை இறக்கினான். அண்ணன் போன வாரம் முழுக்க அடைமழை. மட்டம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்திருந்தது. அண்ணன் போன நாளும் மறுநாளும் மட்டும் ஒரே மாதிரி 27 அடி. கொட்டுகிற மழையில் எந்த ஏரியும் அப்படி நிற்காது. மதகு மூடியிருந்தால் ஏறியிருக்கும், திறந்திருந்தால் இறங்கியிருக்கும். யாரோ ஏரியைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள். அப்பாவைத் திட்ட வாயெடுத்தவன் அந்த 7-ஐப் பார்த்தான். நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அப்பா அப்படி எழுதமாட்டார். அவனே அப்படித்தான் எழுதுவான், அவனுக்கு எண் எழுதக் கற்றுக்கொடுத்தவள் அம்மா.

அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் ஒரு ஷெட் போடலாம் என்று அவன் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறான். மண்வெட்டி வைக்க அவள் விட்டதே இல்லை.

நோட்டை நீட்டினான். "இது நீ எழுதினதுதானே?"

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள்.

"அந்த மழையில ஏரியில யாரு இருக்கப்போறாங்கன்னு அப்பா மணி அடிக்காமத் திறந்துட்டாருடா. கோவிச்சுக்கிட்டுப் போனவன் மதகுப் பக்கம்தான் படகுல உட்கார்ந்திருந்திருக்கான். மறுநாள் கால்வாய்ல கிடைச்சான். வெளிய தெரிஞ்சா அவரையும் போலீஸ்ல கொண்டுபோயிடுவாங்க. அதான் மதகே திறக்காத மாதிரி எழுதினேன்."

"அண்ணன் இப்ப எங்கம்மா?"

அவள் குனிந்து காலடி மண்ணைப் பார்த்தாள். நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "தெருத் தெருவா நாயா அலைஞ்சேனேம்மா! ஸ்வெட்டர் வேற கொடுத்து அனுப்பினியே! ஏம்மா?"

"நீ பையைத் தூக்கிட்டுக் கிளம்பினா, திரும்பி வர்ற வரைக்கும் அவன் எங்கேயோ உயிரோட இருக்கற மாதிரி இருக்கும்டா. அந்தப் பத்து நாள்தான் நான் தூங்குவேன்."

அவள் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வருஷமும் போயிட்டு வாயேன்டா."