தாகத்துக்குப் பெயர் தெரிந்த நாள்

சென்ற வருடத் தவக்காலத்தில் என் வீட்டுக்காரர் சாகக் கிடந்தார். நோய் வேறொன்றுமில்லை, தாகம். சொன்னால் சிரிப்பு வரும். எங்கள் புன்னக்காயலிலும் சிரித்தார்கள்.

குடம் குடமாகக் குடிப்பார். குடித்ததும் வெளியே ஓடுவார். போவதும் பச்சைத் தண்ணீராகவே போகும். எல்லோரும் சர்க்கரை என்றார்கள். இரத்தம் பார்த்ததில் சர்க்கரை இல்லை. எனக்குப் பயம் கூடிவிட்டது. பெயரில்லாத நோய்க்கு எந்த மருந்தைக் கேட்பது?

படகுக்குக் கொண்டுபோகிற தண்ணீர்க் கேனை இவர் ஒருவரே காலி செய்கிறார் என்று பேச்சு வந்தது. “ஏலே, ஒனக்குத் தண்ணி கொண்டுவர தனியா ஒரு வள்ளம் வேணும்லே” என்று கூட்டாளி சொன்னது தைத்துவிட்டது. இது வெறும் நாக்காசை என்று அவரே முடிவுகட்டி, ஒருசந்தி என்கிற உபவாச நாட்களில் உச்சிவரை சொட்டுத் தண்ணீர் தொடுவதில்லை என மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். நல்ல காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்படி ஒரு ஒருசந்தியன்று, பூசை முடிந்து வந்தவர் வாசலில் சாய்ந்தார். என்னையே யாரென்று கேட்டார். பக்கத்து ஊரில் குளுக்கோஸ் ஏற்றித் தேறியதும் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா, தண்ணீர் கொடுக்காமல் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். நான் குறுக்கே கேட்டேன்.

“தண்ணி இல்லாமத்தானம்மா அவிய விழுந்தாவ. திரும்பவும் நிறுத்தணுமா?”

“வீட்ல யாரும் அளந்து பாக்கலம்மா. இங்கன எடை, ரத்தம் எல்லாம் பாத்துக்கிட்டே இருப்போம். எல்லை தாண்ட விடமாட்டேன்.”

சம்மதித்தேன். அவர் என்னைப் பார்த்து, “ஏட்டி, தாகம் எனக்கு. நீ ஏன் நாக்கு வறண்டு நிக்க?” என்றார். வெளியே வந்து செபமாலையை எடுத்தேன். மணி தப்பித் தப்பிப் போனது. மாதாவே, சுகத்தைப் பிறகு கேட்கிறேன், இது என்னவென்று மட்டும் இவர்களுக்குக் காட்டித்தாரும் என்று அழுதேன்.

தண்ணீரை நிறுத்தியும் சிறுநீர் பச்சைத் தண்ணீராகவே போனது. ஒரு ஊசி போட்டார்கள். அதன்பின் குறைந்து, மஞ்சளாக வந்தது. அந்த மஞ்சளுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நோயின் பெயர் டயாபடீஸ் இன்சிபிடஸ். சர்க்கரை நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். உடம்பில் தண்ணீரை நிறுத்திவைக்கிற சுரப்பு மூளையிலிருந்து வரவில்லை. மாத்திரை உண்டு. தலையை ஸ்கேன் எடுத்ததில் கட்டி எதுவுமில்லை.

இப்போது மாத்திரையோடு கடலுக்குப் போகிறார். நான் பயந்த சுபாவம்தான். ஆனால் பயத்தோடு உட்கார்ந்திருக்காமல் கேட்கப் பழகிவிட்டேன், மாதாவிடமும் டாக்டரிடமும்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் ஓயாமல் தண்ணீர் கேட்டால் கேலி செய்யாதீர்கள். நிறுத்தியும் பார்க்காதீர்கள். குடிக்கக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வழியெல்லாம் செபியுங்கள். ஆண்டவர் கேட்பார்.