ஜீப்பில் மதினிக்கு இடம்

ஈரத்துணியில் கட்டிய ஒரு சின்ன முடிச்சுதான் முதலில் ஞாபகம் வருகிறது. உள்ளே சுண்ணாம்பு, புகையிலைத் தூள், உப்பு. என் அண்ணன் பெண்சாதி, என் மதினி, அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போடியில் ஜீப்பு ஏறுவாள். போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் எங்களுக்குக் காய் எடுக்கிற சோலி. மழைக்காலத்தில் செடிக்கடியில் உட்கார்ந்தால் காலெல்லாம் அட்டை. முடிச்சை வைத்து ஒத்தினால் சுருண்டு விழும். ரத்தம் வடிகிற கடிவாயிலும் அதையே வைத்து அழுத்துவாள். அவளுக்குக் கைராசி என்று எல்லாரும் அவளிடம்தான் காலை நீட்டுவோம். ஒரே முடிச்சு, அத்தனை காலுக்கும். "அட்டைக்கும் எனக்கும்தான்டி ஒங்க காலு மேல இம்புட்டு ஆசை" என்பாள்.

அந்த மழையில் சிலருக்குக் கடிவாய் ஆறாமல் சீழ் வைத்தது. சூடு என்று சொல்லிக்கொண்டோம். பிறகு மதினிக்குத் தொடையில் கட்டி வந்தது. "சூட்டுக்கட்டித்தா, ஒடைஞ்சா சரியாப் போகும்" என்று அவளே பிதுக்கினாள். காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. தொடை சிவந்து கல்லாக வீங்கியது. பேச்சு குழறியது. லோடு ஜீப்பில் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தோம். ஆசுபத்திரியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, பொறுத்துத்தான் பார்க்கணும் என்றார் டாக்டர். பிழைத்தாள்.

அங்கிருந்த நர்சு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது சூடு இல்லக்கா, கிருமி. நல்லா இருக்கவங்க மூக்குலயும் தோல்லயும் சும்மாவே கெடக்கும். புண்ணு கெடைச்சா உள்ள போயிரும். சீழு பட்ட கை, துணி, துண்டு வழியாப் பரவும். கட்டியப் பிதுக்காதீக. புண்ண மூடி வைங்க. சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. ஒருத்தர் துண்ட ஒருத்தர் எடுக்காதீக. செவப்பு பரவுனா, காய்ச்சல் வந்தா வெரசா வந்துருங்க."

"அப்ப எனக்கு யாரு குடுத்தது?" என்று மதினி கேட்டாள்.

"அதச் சொல்ல முடியாதுக்கா. ஒங்க மேலயே இருந்ததாக்கூட இருக்கும்."

எனக்கு அது விளங்கவில்லை. எல்லார் மேலும் இருப்பது எப்படி ஒருத்தியை மட்டும் சாய்க்கும்? முடிச்சில் ஒட்டி வந்ததா, அவளுடையதேதானா? மேலே போய் நர்சு சொன்னதை அப்படியே சொன்னேன். அன்றிலிருந்து ஆளுக்கொரு முடிச்சு. ஜீப்பில் சோப்பு. இன்றைக்கு வரை அப்படித்தான். சீழ்க்கட்டி குறைந்தும் போனது. ஆனால் நர்சு சொல்லாத ஒன்றையும் செய்தார்கள்.

புண் ஆறி மதினி ஜீப்புக்கு வந்த அன்று எல்லாரும் ஒதுங்கினார்கள். மடிமேல் மடியாக உட்காருகிற ஜீப்பு அது. "புள்ளகுட்டிக்காரி நானு, கோவிச்சுக்காதத்தா" என்றாள் ஒருத்தி.

"ஆறிப்போச்சு, டாக்டரே சோலிக்குப் போகச் சொல்லிட்டாரு" என்றாள் மதினி. "கிருமி எல்லார் மேலயும் இருக்குங்குறாக. நான் மட்டும் எதுக்குத் தள்ளி உக்காரணும்?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெட்டு ஏறும் வரை எங்களைச் சுற்றி மட்டும் இடம் காலியாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் மலைக்கு வரவில்லை.

இப்போது கீழே சிலமலை ஊரில் வயக்காட்டு வேலைக்குப் போகிறாள். போன வாரம் பார்க்கப் போனேன். சோறு போட்டாள். பழைய கதையெல்லாம் பேசிச் சிரித்தாள். கை கழுவி வந்ததும் பெட்டியைத் திறந்து மடிப்புக் கலையாத துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். "இது ஒனக்கு" என்றாள். முகத்தைப் பார்த்தேன். நர்சு சொன்னபடி நடக்கிறாளா, ஜீப்பை நினைத்து நடக்கிறாளா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. துடைத்த துண்டை அவளிடம் திருப்பிக் கொடுப்பதா, என்னோடு கொண்டுபோவதா என்று புரியாமல் பஸ்சு வரும் வரை கையிலேயே வைத்திருந்தேன்.