பின் சீட்டுக்கு இழுத்த வயர்

எனக்கு மூத்தவரான ராத்தாவின் மகனுக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கத் தொடங்கினால் அவனுடைய நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம் கேட்கும். வீட்டில் இருக்கும்போது அவ்வளவு பயமில்லை. மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் மெஷின் இருக்கிறது, சுவரில் பிளக் இருக்கிறது. பயமெல்லாம் கண்டிக்குப் போகும் வழியில்தான். கிளினிக் நாளில் நிந்தவூரிலிருந்து விடியற்காலை சுபஹு தொழுததும் வெளிக்கிட்டால், மஹியங்கனை தாண்டி மலை ஏறுவதற்குள் அவனுக்கு இழுக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். மலைக்குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உம்மா சொல்வார். நாங்களும் அதைத்தான் நம்பினோம்.

போன முறை வளைவு ரோட்டில் அவனது உதடு நீலமாகிவிட்டது. வாப்பா ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் காரை நிறுத்த, ராத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். கடைக்காரரின் ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றிவிட்டு மெஷினைக் கொழுவித்தான் அவனைத் திருப்பி எடுத்தோம். அந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. மச்சான் கத்தாரிலிருந்து மகனுக்கு அனுப்பிய, மிதித்தால் வெளிச்சம் வரும் சப்பாத்தில் ஒன்று காணாமல் போய்விட்டது. ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு ஆஸ்பத்திரிக்குள் நின்றவனிடம் ராத்தா கேட்டார்.

"எங்கடா மத்தது? ஜன்னலால எறிஞ்சியா?"

"இல்ல உம்மா. கார் தின்னுட்டு."

அதற்கு ஒரு கிள்ளும் வாங்கினான். நாங்கள் சிரித்தோம்.

ஆக, காரின் பின் சீட்டுக்குப் பிளக் வேண்டும் என்று முடிவாயிற்று. யார் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸில் படிக்கப் போனவன் நான். அதனால் உம்மாவின் மருந்துக் குளிசைப் பெட்டியிலுள்ள ஆங்கிலமும் என்னிடம் வரும், சூடாகாத ரைஸ் குக்கரும் என்னிடம் வரும். நான் படித்தது பௌதிகம் என்றால், "அதெல்லாம் கரண்டுதானே" என்பார் வாப்பா.

காரில் இருந்தது முன்னால் சிகரெட் பற்றவைக்கும் பழைய ஓட்டை ஒன்றுதான். அதில் வாப்பாவின் ஃபோன் தொங்கும். நான் இரண்டு நாட்களாக வீடியோக்கள் பார்த்தேன். மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கும், பட்டரியிலிருந்து பின் சீட் வரை போக எந்தப் பருமனில் வயர் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பியூஸ் பட்டரிக்குக் கிட்டவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயர் எங்காவது உரசி நெருப்புப் பிடிக்கும் என்பதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கல்முனையில் மூடி வைத்த இரட்டைச் சொக்கட் ஒன்றும், பட்டரிக் கரண்டில் மெஷினை ஓட்டும் அடப்டர் ஒன்றும் வாங்கினேன். கடைக்காரர் வயரை அளந்துகொண்டே, "என்ன தம்பி, காருக்கா, கலியாண ஊட்டுப் பந்தலுக்கா?" என்றார். கூடுதலாகவே கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையின் மூச்சல்லவா.

சனிக்கிழமை காலை முற்றத்து மாமரத்தின் கீழ் காரை விட்டு வேலையைத் தொடங்கினேன். திங்கட்கிழமை கிளினிக். பட்டரி பக்கம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பியூஸைப் பொருத்தி, என்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் ரப்பர் துளையால் வயரை நுழைத்து, கதவோரமாக முன் சீட் வரை கொண்டுவந்துவிட்டேன். அங்கிருந்து பின்னால் போக, தரையில் ஒட்டிய காப்பட்டுக்குக் கீழால் இழுக்க வேண்டும்.

முன் சீட்டுக்குப் பின்னால் குனிந்து கை வைத்தபோது ஸ்க்ரூ டிரைவர் நழுவிச் சீட்டுக்கு அடியில் விழுந்தது. தடவிப் பார்த்தேன், இல்லை. ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன், காப்பட்டில் ஒரு கிழிசல்தான் தெரிந்தது. விழுந்த சத்தமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மருமகன் கேட்டான்.

"மாமா, கார் அதையும் தின்னுட்டா?"

இறங்கிக் காருக்குக் கீழே பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் மணலில் கிடந்தது.

உள்ளே ஏறி, ரப்பர் விரிப்பை எடுத்து எறிந்தேன். காப்பட்டைப் பிடித்து இழுத்தேன். அது ஈரமாக, நைந்த சாக்குப் போலக் கையோடு வந்தது. அதற்குக் கீழே தட்டி நிமிர்த்திய பிஸ்கட் டின் தகரம் ஒன்று ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. அதைத் தூக்கினேன்.

கீழே எங்கள் வீட்டு முற்றம் தெரிந்தது. காரின் நிழலில் படுத்திருந்த கோழி தலையைச் சரித்து என்னைப் பார்த்தது.

எவ்வளவு நேரம் அந்தக் கோழியைப் பார்த்தபடி இருந்தேன் என்று தெரியாது. ஓட்டை சின்னதல்ல. என் இரண்டு கையையும் சேர்த்து விடலாம். விளிம்பைத் தொட்டால் கருகிய அப்பம் போல உதிர்ந்தது. உம்மா உட்காரும் முன் சீட்டின் ஆணியை ஆட்டினேன், அது துருவோடு கையில் வந்துவிட்டது. அந்த ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு வளைவு ரோட்டை நினைத்தேன். பாதாளம் போல இருக்கும் அந்த ஓரங்களை நினைத்தேன்.

"என்னடா, ஜின் கண்ட மாதிரி இரிக்கிற?" குசினி வாசலில் இருந்து உம்மா கேட்டார்.

"உம்மா, இஞ்ச வாங்க. காருக்கு அடி இல்ல."

"அடி இல்லாமலா இவ்வளவு நாளும் ஓடின? படிச்ச புள்ள கதைக்கிற கதையப் பாரு."

வந்து எட்டிப் பார்த்தவர் அப்படியே மணலில் குந்திவிட்டார்.

"யா அல்லாஹ்... அதாண்டா எனக்கு எப்பவும் கால் குளிருற. நான் ஏசி எண்டு நினைச்சன். பக்கத்து ஊட்டுக்காரிக்கிட்டயும் பெருமையாச் சென்னன்."

"எங்கட காருல ஏசி எப்ப உம்மா வேலை செஞ்ச?"

ராத்தா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், ஈரக் கையோடு வந்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பின் சீட்டில் ஏறி, மகன் வழக்கமாக இருக்கும் இடத்தில் இருந்து, அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு நான் எறிந்த காப்பட்டைப் புரட்டினார். அதன் அடிப்பக்கம் முழுக்கக் கரி. விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார்.

"தம்பி, இது என்ன?"

புகைக்குழாய் அந்த ஓட்டைக்குக் கீழால்தான் போகிறது. அதன் பொருத்து வெடித்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

வாப்பா சந்தையிலிருந்து வந்ததும் முதலில் எங்களைத்தான் ஏசினார்.

"ஒரு சின்ன ஓட்டை இருந்திச்சி, நான்தான் தகரம் வெச்சன். இதுக்குப் போய் மையத்து விழுந்த ஊடு மாதிரி இரிக்கிறீங்க. ஒரு பலகையப் போட்டாச் சரி."

"வாப்பா, காரை ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் ராத்தா, சீட்டிலிருந்து இறங்காமலேயே.

"என்னத்துக்கு?"

"பண்ணுங்க வாப்பா."

வாப்பா சாவியைத் திருப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓட்டையின் விளிம்பால் நீலமாக ஒரு புகை மேலே வந்தது. சீட்டின் உயரத்துக்கு ஏறி, ராத்தாவின் மடியருகே பரவியது. ஒரு சின்னப் பிள்ளையின் முகம் இருக்கும் உயரம் அது. வாப்பா திரும்பிப் பார்த்தார். எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. யாரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"மலைக்குளிர் எண்டு சென்னீங்களே உம்மா" என்றார் ராத்தா.

வாப்பா என்ஜினை நிறுத்தினார். இறங்கி, வெள்ளைச் சேட்டோடு மணலில் மல்லாக்கப் படுத்து, காருக்குக் கீழே நகர்ந்தார். துரு உதிரும் சத்தம் கேட்டது. பிறகு அந்த ஓட்டையால் அவருடைய கை மேலே வந்தது. விரல்கள், மணிக்கட்டு, மணிக்கூடு, முழங்கை வரை. என் காலுக்குப் பக்கத்தில், காரின் நடுவில், வாப்பாவின் கை.

"மூத்தாப்பாட கை!" என்று கத்திக்கொண்டு மருமகன் என்னைத் தாண்டி ஏறி அதைப் பிடித்துக்கொண்டான். "நான் சென்னன்தானே! இதாலதான் சப்பாத்தையும் தின்ன!"

வாப்பா கையை இழுக்கவில்லை.

"மீன் பெட்டிட தண்ணி" என்றது கீழேயிருந்து வந்த குரல். "ஐசும் உப்பும். இந்த இடத்துலதான் வடியிற."

எனக்கு அந்தப் பெட்டிகளைத் தெரியும். பாலமுனைக் கரையில் மீன் எடுத்து, பின் சீட் நிறையப் பெட்டிகளை அடுக்கி, அம்பாறைப் பக்கம் கொண்டுபோய் விற்றுத்தான் வாப்பா என்னைப் படிக்க வைத்தார். விடுமுறையில் வந்தால் பெட்டி இறக்க நானும் கை கொடுப்பேன். சீட் நனைந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். தண்ணீர் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

கீழேயிருந்து வாப்பா சொன்னார்.

"இந்தக் கார் போகாது மகன். வேன் ஒண்டு பாரு."

திங்கட்கிழமை, வாடகைக்குப் பிடித்த வேனில் வெளிக்கிட்டோம். அதிலும் பின்னால் பிளக் இல்லை. நான் வாங்கிய சொக்கட்டை முன்பக்கத்திலிருந்து வயர் இழுத்து, டிரைவரின் சம்மதத்தோடு பின் சீட்டருகே நாடாவால் ஒட்டினேன். மெஷின் என் மடியில் தயாராக இருந்தது. வாப்பா ஏறியதும் காலால் தரையை ஓங்கி மிதித்துப் பார்த்தார்.

"தம்பி, கீழ தகரமெல்லாம் நல்லமா?"

"என்ன நானா, எங்கட வேன் புதுசு" என்று டிரைவர் சிரித்தார்.

வாப்பா சிரிக்கவில்லை. அம்பாறை தாண்டும் வரை இடைக்கிடை குதிக்காலால் தட்டிக்கொண்டே வந்தார். மருமகன் புதுச் செருப்பு இரண்டையும் கழற்றி மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வைக்கச் சொல்லியும் கீழே வைக்கவில்லை. என் கால்களும் சீட்டில் மடிந்தே இருந்தன என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

மஹியங்கனை போனது. முதலாவது வளைவு வந்தபோது நான் மெஷினின் வயரைச் சொக்கட்டில் கொழுவினேன். ராத்தா காதை மகனின் நெஞ்சில் வைத்தார். தேத்தண்ணிக் கடையும் வந்தது, போனது. ஃபிரிட்ஜ் வேனிலிருந்தே தெரிந்தது.

அவன் தூங்கிவிட்டான். வாய் மூடியிருந்தது. மூக்காலேயே மூச்சு வந்து போனது, சத்தமில்லாமல்.

"என்ன புள்ள?" என்று முன் சீட்டிலிருந்து, திரும்பாமலே, வாப்பா கேட்டார்.

"இழுக்கல்ல வாப்பா" என்றார் ராத்தா.

மேல்வளைவு வரும்போது வாப்பா இன்னும் ஒருமுறை கேட்டார். ராத்தா அதே பதிலைச் சொன்னார். சொக்கட்டின் சின்னச் சிவப்பு லைட் கண்டி வரைக்கும் எரிந்துகொண்டே இருந்தது. மெஷினின் சுவிட்சில் இருந்த விரலை நானும் எடுக்கவில்லை, அழுத்தவுமில்லை.