மூன்று மூப்பர்களும் என் கல்யாண ஓலையும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூனில், போட்டாதாங் பக்கம் இருந்த எங்கள் ஆங்கிலிக்கன் கோயிலில் நடந்தது இது. அப்போது நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோயில் கமிட்டியார் கையில் சிக்கி அந்தக் கல்யாணம் பட்ட பாட்டை நினைத்தால், பேரன் பேத்தி எடுத்த பிறகும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரே கோயிலில் மூன்று சபைகள் இருந்தன. காலையில் பர்மியருக்கு ஆராதனை, அடுத்துத் தமிழருக்கு, சாயங்காலம் தெலுங்கருக்கு. மூன்றுக்கும் சேர்த்து ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். அவரை ஐயர் என்போம். சபைக்கு ஒரு மூப்பர். தமிழ் மூப்பர் வேறு யாருமல்ல, என் அப்பாதான். துறைமுக ஆபீஸில் கிளார்க். அம்மா இறந்த பிறகு வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். வீட்டில் அவர் பரம சாது. கமிட்டி அறைக்குள் கால் வைத்தால் வேறு ஆள். பாய் விரிப்பதா பெஞ்சு போடுவதா, ஹார்மோனியத்தை எந்தப் பக்கம் வைப்பது, மணியை யார் அடிப்பது என்று எதை எடுத்தாலும் மூன்று மூப்பர்களுக்கும் சண்டை. அவர்கள் ஒத்துப்போன விஷயம் ஒன்றைச் சொல் என்றால் எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவருடைய அப்பா தெலுங்கர், அம்மா பர்மியர். பெண்ணோ தமிழ். ஆக, மூன்று சபைக்கும் இந்தக் கல்யாணத்தில் உரிமை வந்துவிட்டது. வந்தது வினை.

எங்கள் முறைப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரும் இன்னாரும் மணம் செய்யப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையில் அறிவிப்பதுதான் அது. ஐயர் அப்போது டெல்டாப் பக்கத்துக் கிராமங்களைப் பார்க்கப் போயிருந்தார். வாசிக்கும் பொறுப்பை மூப்பர்களிடம் விட்டிருந்தார். எந்தச் சபையில் வாசிப்பது? என் சபையில்தான் என்று மூவரும் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் அதிசயமாக ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். முதல் ஞாயிறு பர்மியருக்கு, அடுத்த ஞாயிறு தமிழருக்கு, மூன்றாவது தெலுங்கருக்கு. யாருக்கும் குறையில்லை என்று சந்தோஷமாக வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

கல்யாண வாரம் ஐயர் திரும்பி வந்தார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். “எந்தச் சபையில் மூன்று முறை வாசித்தீர்கள்?” என்று கேட்டார்.

“ஆளுக்கு ஒண்ணு ஐயரே. கூட்டினா மூணு வருதே” என்றார் அப்பா.

ஐயர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரே சபை மூன்று முறை கேட்க வேண்டும், இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை லெந்து என்ற தவக்காலம். இரண்டு ஞாயிறும் லெந்து நாட்களில் விழுந்தன. மாப்பிள்ளைக்கோ வடக்கே கத்தாவுக்கு மாற்றல் ஆகியிருந்தது. இரண்டாவது ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை ஸ்டீமர். போனால் மறுபடி லீவு எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

“லெந்தில் மணமுடிக்கக் கூடாது என்றில்லை, கொண்டாட்டம்தான் கூடாது. திங்கட்கிழமை காலையில் அமைதியாக முடித்துவைக்கிறேன்” என்று ஐயரே வழி சொன்னார். மூப்பர்கள் ஒப்பவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக மூவரும் ஒரே பக்கம் நின்றார்கள், அதுவும் எனக்கு எதிராக!

“பூவில்லாம பாட்டில்லாம கல்யாணமா? துக்க வீடு மாதிரி இருக்கும். ஈஸ்டர் கழிச்சுப் பாத்துக்கலாம்” என்றார் அப்பா. தெலுங்கு மூப்பர் சமையல்காரரை ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பர்மிய மூப்பர் பாடுவதற்குப் பெண்களைத் தயார் செய்திருந்தார். இவர்கள் பூவும் பாட்டும் சாப்பாடும் தயாராகும்வரை ஸ்டீமர் கரையிலேயே நிற்குமாக்கும்!

கமிட்டி அறைக்குள் பெண்கள் போகும் வழக்கமில்லை. நான் போனேன்.

“உங்க மூணு பேர்ல யாருக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்? அவங்க கையைத் தூக்குங்க” என்றேன்.

ஒருவரும் தூக்கவில்லை. பர்மிய மூப்பருக்கு முகம் வாடிவிட்டது. “என்ன தமீ, இப்படிக் கேட்டுட்டே? எங்க எல்லாருக்கும் வேணும்” என்றார். பர்மியர்கள் மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“வேணும்னா நடத்துங்க. அவர் ஸ்டீமர் ஏறும்போது நான் கூட இருக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். ஆனாலும் அழுகை வந்துவிட்டது. அந்த அழுகைக்குத்தான் இறங்கிவந்தார்கள் என்பது எனக்கு இன்னும் எரிச்சல். மீதி இரண்டு ஞாயிறும் மூன்று சபையையும் ஒன்றாக உட்காரவைத்து ஓலை வாசித்தார்கள். எந்த மொழியில் முதலில் வாசிப்பது என்று அதற்கும் ஒரு சண்டை.

திங்கட்கிழமை காலையில் நான் புடவை கட்டிக்கொண்டு வந்து இறங்கினால், கோயில் வாசலில் சத்தம். தெலுங்கு மூப்பர் அண்டா நிறையப் புளியோதரை கொண்டுவந்திருந்தார். பர்மிய மூப்பர் வீட்டிலிருந்து மீன் குழம்பில் சேமியா போட்ட மொஹிங்கா வந்திருந்தது. “இது விருந்து இல்ல, பசிக்குச் சோறு” என்றார் தெலுங்கு மூப்பர். “மொஹிங்கா காலைப் பலகாரம். உங்க சோறுதான் விருந்து” என்றார் பர்மிய மூப்பர். நடுவில் அப்பா இருவரையும் அதட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

ஒருவழியாக உள்ளே போனோம். பூ இல்லை, ஹார்மோனியம் இல்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று ஐயர் கேட்டார்.

அப்பா பேசவில்லை. ஐயர் மறுபடியும் கேட்டார். இத்தனை வருஷம் வாய் ஓயாமல் வழக்காடிய மனிதர், ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரத்தில் இப்படி நிற்கிறாரே என்று கோபமாகத் திரும்பினேன். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என் கையை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு நான் போய்விட்டால் அந்த வீட்டில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஈஸ்டர் கழித்து, ஈஸ்டர் கழித்து என்று அவர் சொன்னது பூவுக்காக மட்டும்தானா?

அப்போது பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். தெலுங்கு மூப்பர் அப்பாவுக்கு ஒரு பக்கம் நின்றார், பர்மிய மூப்பர் மறுபக்கம். இருவரும் அப்பாவின் கைக்குக் கீழே தங்கள் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்கள். “நாங்கள் கொடுக்கிறோம்” என்று ஒருவர் தெலுங்கிலும் ஒருவர் பர்மிய மொழியிலும் சொன்னார்கள்.

சட்டம் பேசும் ஐயர் என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்தேன். “தகப்பன் கொடுக்கலாம், சிநேகிதரும் கொடுக்கலாம். முறை சரிதான்” என்று முணுமுணுத்தபடி, அந்த மூன்று கைகளிலிருந்து என் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார்.

மறுநாள் ஸ்டீமர் கிளம்பும்போது படகுத்துறையில் அப்பாவுக்கு இரு பக்கமும் அவர்கள் நின்றார்கள். அப்போதும் எதற்கோ கையை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அப்பா எனக்கு எழுதிய கடிதங்கள் முழுக்க அந்த இருவர் மேலும் புகார்தான். நேற்று வந்து இதைச் சொன்னான், இன்று சாப்பிட வந்த இடத்தில் அதைச் சொன்னான் என்று பக்கம் பக்கமாக எழுதுவார். கமிட்டி என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றும் தலைவலி வரும். ஆனால் அந்தச் சண்டைகளை நம்பித்தான் அப்பாவைத் தனியே விட்டுவிட்டு அத்தனை தூரத்தில் என்னால் நிம்மதியாகக் குடித்தனம் நடத்த முடிந்தது.