பொன்னழகி இருந்த சட்டம்

விஜயநகரில் என் அண்ணன் வீட்டு ஹாலில், டி.வி.க்கு மேலே ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கியது. உள்ளே ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி. முன்னிறகு கறுப்பு, பின்னிறகு பளீரென்ற மஞ்சள். மலைக்காட்டுப் பூச்சி, பொன்னழகி என்று பெயர். வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டுலயே வளந்ததாக்கும்" என்று அண்ணன் பெருமையடிப்பார். காபித் தட்டோடு வரும் அண்ணி அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே மாட்டார்.

தொண்ணூறுகளில் அங்கே பாதி மனைகள் காலி, புதரும் பாம்பும்தான். ஈஸ்வரமூலிக் கொடி இருந்தால் பாம்பு அண்டாது என்பது கொள்ளேகால்காரியான அண்ணியின் நம்பிக்கை. மாதேஸ்வரன் மலைக்குப் போனபோது ஒரு கொடியை வேரோடு கொண்டுவந்து கேட்டோரம் நட்டார். இலையடியில் முட்டைகளும் ஒட்டிக்கொண்டு வந்தது யாருக்குத் தெரியும்? கொஞ்ச நாளில் கருஞ்சிவப்பாய், முள் முள்ளாய்ப் புழுக்கள் கிளம்பிக் கொடியை மொட்டையடித்தன. அண்ணன் மருந்தடிக்க வந்தார். அந்த வீட்டில் எதற்குமே வாய் திறக்காத அண்ணி அன்று குறுக்கே நின்றார். "ஏனுங்க, மாதேசன் மலையில இருந்து நம்மள நம்பி வந்துருக்குதுங்க. உட்டுருங்க." அண்ணன் விட்டுவிட்டார். பெண்டாட்டி சொல் ஒன்றாவது இவர் காதில் ஏறியதே என்று, அப்போது அவர்களோடு தங்கியிருந்த நானும் மகிழ்ந்து தொலைத்தேன்.

காக்கை குருவிக்குத் தப்பி ஒரே ஒரு புழுதான் கூடு கட்டியது. அண்ணி காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பார். பூச்சி வெளியே வந்த அன்று என்னையும் கையைப் பிடித்து இழுத்துப்போனார். கசங்கிய இறகு மெல்ல மெல்ல விரிந்தது. "பறக்கறதப் பாத்துட்டுத்தான் கண்ணு அடுப்புப் பத்த வெப்பேன்" என்றார். அண்ணனும் வந்து பொறுமையாய் நின்றார். இறகு முழுதும் விரிந்ததும், குனிந்து, இறகு கசங்காமல் அதன் உடம்பை மட்டும் இரண்டு விரலால் நசுக்கினார். அண்ணி கத்திய கத்தல்!

"சும்னிரு மாராய்த்தி! முழுசா விரியட்டும்னுதானே இத்தன நாளு விட்டுவச்சேன்?" என்று பாதிக் கன்னடத்தில் அண்ணியின் வாயை அடக்கினார் அண்ணன்.

அண்ணி அன்று சமைக்கவில்லை. கொடியைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தார். அதற்குப் பிறகு அண்ணனிடம் எதையும் கேட்டதில்லை. அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கூடப்பிறந்தவர் என்றால் குறைச்சலாய் எரியுமா என்ன?

போன வருடம் அண்ணன் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்குப் படம் வைக்க வேண்டும். சட்டம் போடக் கடைக்குக் கிளம்பினேன்.

"எதுக்குக் கண்ணு? ஊட்டுலயே இருக்குதே."

அண்ணி ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கினார். பூச்சி தொட்டதுமே பொடிந்தது. அந்தப் பொடியை உள்ளங்கையில் ஏந்திப்போய்க் கேட்டோரம், கொடி இருந்த இடத்தில் தூவினார். திரும்பி வந்து, அண்ணன் படத்தை உள்ளே வைத்து, நாலு மூலையையும் விரலால் அழுத்திக் கண்ணாடியை மூடினார்.

"அளவு சரியா இருக்குது" என்றார்.