கதவில் ஒரு வாளி

அந்தப் பிள்ளை ஸ்டோர் ரூம் கதவின் தாழ்ப்பாளை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டவில்லை. நான் ஓடிப் போவதற்குள் பாவாடை நனைந்து, காலோடு வழிந்து, புது ஷூவுக்குள் இறங்கிவிட்டது. பக்கத்துக் கதவுதான் பாத்ரூம். இரண்டு கதவும் ஒரே நீலம். இரண்டின் மேலும் இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருந்தது. எல்.கே.ஜி.யில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளைக்கு அந்த எழுத்தால் என்ன பிரயோசனம்?

பந்தல்குடிப் பக்கம் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் நான் எல்.கே.ஜி. டீச்சர். பரளச்சி ரோட்டுக் கிராமங்களிலிருந்தெல்லாம் வேனில் பிள்ளைகள் வரும். மறுநாள் அந்தப் பிள்ளையோடு அவள் அம்மாவும் வந்தார்.

"வீட்டுல ஒரு நாளும் இவ இப்பிடிப் பண்ணுனதில்ல டீச்சர். வாயத் தொறந்து கேக்க மாட்டா. ஆனா எடம் தெரிஞ்சா அவளாவே போயிட்டு வந்துருவா."

அவர் சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. இடம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூடச் செய்யாமல் நான் என்ன டீச்சர்?

அன்று சாயங்காலம் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தேன். பாத்ரூமுக்கு ஒரு வாளியும் கப்பும். ஸ்டோர் ரூமுக்குப் பெரிய பூட்டு. தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் குடம். சுவரில், நாள் நடக்கும் வரிசையில், சிலேட்டு, பந்து, சாப்பாட்டுத் தட்டு, பாய், கடைசியில் வேன். ஒன்று முடிந்ததும் துணிக்கிளிப்பை அடுத்த படத்துக்கு நகர்த்துவேன். "வேன் எப்ப வரும், வேன் எப்ப வரும்" என்று அழுதுகொண்டே இருந்தவர்கள், கிளிப் எங்கே இருக்கிறது என்று தாங்களே போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பை மாட்டும் கொக்கிகளுக்கு ஆளுக்கொரு படம். பூ, நட்சத்திரம், சூரியன் என்று நான் யோசித்து வைத்திருந்ததை ஒருவரும் சீந்தவில்லை. ஒருத்திக்கு ஆடு வேண்டும். இன்னொருத்திக்கு மயில். ஒரு பையன் ஜேசிபிதான் வேண்டும் என்று நின்றான். அவன் ஊர்க் கண்மாயில் அப்போது மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் வரைந்து காட்டியதை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தான்.

"இது ஜேசிபி இல்ல டீச்சர். ஒட்டகம்."

பாவாடை நனைத்த பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து என் கையிலிருந்த வளையலைத் தொட்டாள். அவளுக்குச் சிவப்பு வளையல் வரைந்து ஒட்டினேன். அதன்பிறகு அவள் ஒருநாளும் கதவு மாறிப் போகவில்லை.

தாளாளருக்கு அருப்புக்கோட்டையில் மொத்த வியாபாரம். பள்ளியையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஒருநாள் என் வகுப்புக்குள் வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இது ஸ்கூலா, எலெக்சன் பூத்தா? சின்னமா வரஞ்சு ஒட்டி வச்சிருக்கீங்க?"

"ஓட்டுப் போடுற பெரியவுகளுக்கே சின்னம் வேண்டியிருக்கு சார். மூணு வயசுப் பிள்ளைக்கு வேண்டாமா?"

அவர் முகம் மாறிவிட்டது. "இங்கிலீஷ் மீடியம்னு வாசல்ல போர்டு வச்சிருக்கோம். பேரன்ட்ஸ் வந்து ஆட்டையும் வாளியையும் பாத்தா என்ன நெனப்பாங்க? எல்லாத்தையும் எடுத்துருங்க."

"எடுக்க மாட்டேன் சார்."

அவரிடம் அதுவரை நான் இப்படிப் பேசியதே இல்லை. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை போனபோது ஒரு படம்கூட இல்லை. பளபளவென்று ஏ, பி, சி, டி சார்ட்டுகள் தொங்கின. ஆயாம்மா என் முகத்தைப் பார்க்காமல் கூட்டிக்கொண்டிருந்தார்.

"சார் கூடவே நின்னு பிய்க்கச் சொன்னாக டீச்சர். நான் என்ன செய்ய?"

பிள்ளைகள் கொக்கிகளுக்கு முன்னால் முட்டி மோதினார்கள். ஜேசிபிப் பையன் பையை மாட்டவே மாட்டேன் என்று மடியில் வைத்துக் கட்டிக்கொண்டான். வளையல் பிள்ளை இரண்டு நீலக் கதவுகளுக்கும் நடுவே போய் நின்றாள். இதையும் பார்த்தாள், அதையும் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து என் சேலையை இழுத்தாள்.

"டீச்சர், வாளி எங்க?"

பள்ளியில் அவள் பேசிய முதல் பேச்சு அது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்தான். அவளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் வந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் வகுப்பை ஆயாம்மாவிடம் விட்டுவிட்டு, லாரிகள் போகும் ரோட்டைத் தாண்டி ஹார்டுவேர் கடைக்குப் போய்ச் சின்னச் சின்ன டப்பாக்களில் பெயின்ட் வாங்கி வந்தேன்.

முதலில் கதவில் வாளி. அப்புறம் பூட்டு. அப்புறம் கொக்கிகளுக்கு மேலே, சுவரிலேயே, ஆடு, மயில், சிவப்பு வளையல். ஜேசிபியை அவனே பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல வரைந்தேன். "கை இன்னும் வளையணும் டீச்சர்... இன்னும்... ஆங்." ஆயாம்மா டப்பா மூடிகளைத் திறந்து கொடுத்தார்.

வேன் கிளம்பியதும் தாளாளர் வந்தார்.

"யாரக் கேட்டு அடிச்சீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"வேலை வேணுமா, வேண்டாமா உங்களுக்கு?"

"வேணும் சார். இந்தப் பிள்ளைகளுக்கு இடம் காட்டுறதும் அந்த வேலைதான். வேற டீச்சரைப் போடுறதுன்னா போடுங்க. அவங்களையும் காலைல இந்தக் கொக்கி முன்னால ஒரு அரைமணி நேரம் நிக்க வச்சுப் பாருங்க."

அவர் கதவிலிருந்த வாளியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் நான் வழக்கம்போல வந்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "படத்தையே பாத்துப் பழகிட்டா எழுத்து எப்ப டீச்சர் வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொங்கல் லீவுக்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அதன் பெயரை எழுதுவேன், தன் படத்துக்குக் கீழே இருக்கிற எழுத்தைப் பிள்ளை விடாது என்றேன். சிலர் தலையாட்டினார்கள். அவருக்குத் திருப்தியில்லை. அடுத்த வருஷம் மகளை டவுனில் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார். மயில் கொக்கிக்காரி அவள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காக மயிலை அழிக்கவில்லை.

தாளாளரும் மனம் மாறவில்லை. யாராவது பள்ளியைப் பார்க்க வந்தால் என் வகுப்பை வேகமாகக் கடந்து யு.கே.ஜி.க்குக் கூட்டிப்போவார். இந்தக் கோடை லீவில் கட்டிடம் முழுக்க வெள்ளையடிக்கச் சொன்னார், என் அறையையும் சேர்த்து. வெள்ளையடிக்க வந்தவர் போன் செய்து சங்கடப்பட்டார்.

"உங்க படமெல்லாம் போயிருமே டீச்சர்?"

"நல்லா ரெண்டு கோட்டு அடிச்சிருங்கண்ணே" என்றேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் பெயின்ட் டப்பாக்களோடு போய் உட்கார்ந்தேன். புது வெள்ளையில் நிறம் நன்றாக எடுத்தது. வராந்தாவில் வந்த தாளாளர் வாசலில் நின்று பார்த்தார்.

"தரையில சிந்திராம அடிங்க" என்றார்.

நான் சுவரிலிருந்து பிரஷ்ஷை எடுக்காமல், "சரி சார்" என்றேன்.