பத்தொன்பதாம் எண் எடுத்த அழைப்பு

நம்புகிறவர்கள் நம்புங்கள். கட்டுக்கதை சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அலுவலகங்களில் இணையத் தொலைபேசி அமைத்துக் கொடுப்பது என் தொழில். பம்ப் உதிரிபாகம் விற்கும் ஓர் இடத்தில் தொல்லை அழைப்புகள் பெருகி, வாடிக்கையாளர்களுக்கு லைனே கிடைக்கவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள நிறுத்தலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்குக் கையில் இருந்ததே அந்த ஒரு வேலைதான். ஞாயிறு மதியம், ஆளில்லாத அலுவலகத்தில் பிரெட்டைப் பிய்த்துத் தின்றபடி உட்கார்ந்திருந்தேன். வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை.

சுலபமான வழி ஒன்று உண்டு. தொல்லை எண்களையெல்லாம் யாருமில்லாத ஒரு மேசையின் எக்ஸ்டென்ஷன் எண்ணுக்குத் திருப்பிவிடுவது. அடித்து அடித்து ஓயட்டும். மூலை மேசையின் பத்தொன்பதாம் எண் காலியாக இருந்தது. அங்கே போன்கூட இல்லை, வயர் மட்டும் தொங்கியது.

மணி 2:10. முதல் தொல்லை அழைப்பு வந்தது. அழைப்புகளைக் காட்டும் என் லேப்டாப் திரையில் 19 பச்சையானது.

பச்சை என்றால்... யாரோ எடுத்துவிட்டார்கள்.

மூலையைப் பார்த்தேன். வெறும் வயர்தான்.

ஏதோ கோளாறு என்று ஹெட்செட்டை மாட்டிக் கேட்டேன். கிரெடிட் கார்டு விற்கும் பெண். குரல் தழுதழுத்தது. "இன்னைக்கு நீங்க ஒருத்தர்தான்க்கா திட்டாம பேசினீங்க."

"அழாதம்மா. சாப்பிட்டியா?" வயதான ஒரு பெண்குரல்.

கார்டுப் பெண் மூக்கை உறிஞ்சினாள். பிறகு அதே வயதான குரல்...

"இங்க ஒரு தம்பி இருக்காரு. பாவம், வெறும் பிரெட்டு திங்கறாரு."

பிரெட்டைக் கீழே வைத்தேன்.

ட்ரிங்... நான் உட்கார்ந்திருந்த மேசையின் போன்.

அழைப்பது 19.

ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"கூட யாருமில்லையா தம்பி?"

அழுகை வந்தது. பயமும்தான்.

ரிசீவரை மேசைமேல் போட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அது எங்க பழைய ஆபரேட்டர் அக்காவோட சீட்டு. யார் கூப்பிட்டாலும் அவங்க முதல்ல போனை வைக்க மாட்டாங்க. அந்தப் பக்கம்தான் வைக்கணும். ஒரு ஞாயித்துக்கிழமை தனியா டூட்டி... திங்கக்கிழமை காலைலதான் பாத்தோம். உயிரில்ல. ரிசீவர் காதுலயே இருந்துச்சு."

சற்று நிறுத்தினார்.

"நீ வச்சியா?"

இருவரும் என் மேசையைப் பார்த்தோம். ரிசீவர் போட்ட இடத்திலேயே கிடந்தது. திரையில் 19... இன்னும் பச்சை.

வைக்கத்தான் எடுத்தேன்.

"தம்பி... இருக்கீங்களா?"

இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை.